மிஷினுக்கு வைத்த சந்தனம்

இடது கையில் சந்தனக் கிண்ணம். வலது கை விரல் நுனியெல்லாம் சந்தனம். எதிரே புது மிஷின். எங்கே பொட்டு வைப்பது என்று தெரியாமல் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை அது. சிவகாசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். பொரிகடலை, வாழைப்பழம், சாம்பிராணி எல்லாம் கலந்த வாசனை. அதையும் மீறிப் புதுத் தோலின் வாசனை மூக்கில் ஏறியது. என் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "ஏம்மா, நல்ல நேரம் போகுதுல்லா. நெத்தி எதுன்னு பாத்துச் சட்டுன்னு வையி" என்றார்.

எங்கள் வீட்டில் காலண்டர் பைண்டிங் தொழில். காகிதம் வெட்டுகிற மிஷினுக்கு எங்கே பொட்டு வைப்பது, தகரம் அடிக்கிற மிஷினுக்கு எங்கே வைப்பது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இது வேறு மாதிரி. சாதாரணத் தையல் மிஷினுக்கு இருக்கிற தட்டையான பலகை இதற்குக் கிடையாது. தரையில் ஊன்றிய இரும்புக் காலின் மேல் தலை இருக்கும். தலைக்குக் கீழே முழங்கை கனத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். தலையின் முன்பக்கம், ஊசிக்குச் சற்று மேலே, பளபளவென்று இரண்டு சின்ன வட்டத் தட்டுகள் பக்கம் பக்கமாக இருந்தன. பொட்டு வைப்பதற்காகவே செய்தது போல் இருந்தது அந்த இடம். பாக்கெட் சந்தனப் பொடியைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து வைத்திருந்தேன். தாராளமாக எடுத்து அப்பினேன். நடுவில் குங்குமம். "இப்பத்தான் முகமே வந்திருக்கு" என்றாள் என் நாத்தனார். எல்லாரும் கும்பிட்டார்கள்.

அந்த மிஷினைத் தரையில் ஊன்றி நிறுத்தி, பாகங்களைப் பூட்டி, ஓட வைத்த மனிதர் மட்டும் அங்கே இல்லை. அவர் வராதபடி பார்த்துக்கொண்டவள் நான்.

ஒரு வாசகர் கடிதம்

மூன்று வாரத்துக்கு முன்னால் பத்திரிகையின் இதே பக்கத்தில் என் தோல்பை கம்பெனியைப் பற்றி எழுத ஆரம்பித்தபோது, "மிஷினை நானே நிறுத்தினேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். அந்த வரியை வகுப்பில் வாசித்துக் காட்டினாராம். பொம்பளைப் பிள்ளைகள் கைதட்டினார்களாம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை எந்த முகத்தோடு படிப்பது?

டீச்சர், அந்த வரி பொய். மிஷினை நிறுத்தியவர் பெயர் காளிராஜ். நான் பக்கத்தில் நின்று டார்ச் லைட் அடித்தேன். அதையும் அவ்வப்போது வேறு எங்கோ அடித்து, "இங்கன அடிங்கம்மா, இங்கன" என்று அவரைச் சொல்ல வைத்தேன்.

குழாய் மிஷின்

செல்போனில் பாட்டை ரிங்டோனாக வைத்து ஊரெல்லாம் அலற விட்டுக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவருக்குத் தனியார் பஸ்கள் ஓடின. தன் கண்டக்டர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தோல்பை வேண்டும் என்று அவர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்ல, நான் தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் துணி தைக்கத் தெரியும். தோல் தைக்கத் தெரியாது. எனக்கு வாய் எப்போதுமே கைக்கு நாலடி முன்னால் போகும்.

கண்டக்டர் பை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். தைத்துப் பார்த்தால்தான் தெரியும். முன் பக்கம், பின் பக்கம், நடுவில் சுற்றிவர ஒரு பட்டை. தட்டையான மிஷினில் அதை வைத்தால் பை நசுங்கும். குழாய் மிஷினென்றால் பையைச் சட்டைக் கை மாதிரி குழாயில் மாட்டிக்கொண்டு சுற்றிவரத் தைத்துவிடலாம். சென்னையிலிருந்து லோடு லாரியில் அது மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது.

அப்போதுதான் காளிராஜைக் கூட்டிவந்தார்கள். சாத்தூர் பக்கத்துக் காலனிக்காரர். நாற்பது வயதிருக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் பதினோரு வருஷம் தைத்தவர். "ஓட்டி ஓட்டிப் பழக்கம்மா. பெட்டியிலேருந்து எடுத்து நிப்பாட்டுறது மெக்கானிக் வேலை. பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். செஞ்சு பாக்கேன்" என்றார். தெரியாததைத் தெரியும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் நாள் முழுக்க மண்ணெண்ணெயும் துணியும்தான். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கை ஒவ்வொரு இடுக்கிலும் துடைத்தெடுத்தார். பிறகு சிவப்புப் பெயிண்ட் அடித்த ஓட்டையிலெல்லாம் சொட்டுச் சொட்டாக எண்ணெய். மறுநாள் காலை ஊன்றி, தரையில் போல்ட் போட்டார். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தபோது பெல்ட்டை மாட்டவே விடவில்லை. மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்து, "தலைகீழாச் சுத்துது. ஒயரை மாத்துங்க" என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னார். அப்படியே மாட்டி ஓட்டியிருந்தால் முதல் தையலிலேயே உள்ளே நூல் சிக்கி மிஷின் இறுகியிருக்கும்.

அப்புறம் டைமிங். குழாயின் நுனிக்குள் ஒரு கொக்கி சுற்றுகிறது. ஊசி அடிவரை இறங்கி, திரும்ப ஒரு மயிரிழை மேலே ஏறும் அந்த நொடியில் கொக்கியின் மூக்கு வந்து நூலைப் பிடிக்க வேண்டும். முந்தினாலும் தையல் விழாது, பிந்தினாலும் விழாது. சக்கரத்தைக் கையால் சுற்றி, குனிந்து பார்த்து, ஸ்குருவைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடியும் சுற்றி, அரைநாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். நூல் கோக்காமல் எங்கள் கழிவுக் காலண்டர் தாளில் முதலில் ஓட்டினார். சாமி படம் இருந்த தாளை ஒதுக்கிவிட்டுத் தேதித் தாளாகப் பார்த்து எடுத்தார். ஓட்டைகள் வரிசை பிசகாமல் விழுந்தன. அப்புறம் நூல் கோத்துத் துண்டுத் தோலில் தைத்தார். மேலேயும் கீழேயும் ஒரே மாதிரித் தையல். நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

அன்றைக்கு டீ குடிக்கும்போது அவர் சொன்னார். "வீட்டுக்காரி விஸ்வநத்தத்துல பட்டாசுக் கம்பெனியில இருக்காம்மா. மருந்து செலுத்துற வேலை. சாயங்காலம் அவ வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது. இங்கன நெலைச்சுட்டேன்னா மறுநாளே அவளை நிப்பாட்டிருவேன்."

"அதெல்லாம் நெலைச்சாச்சு. நீங்க தைரியமா இருங்க" என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

லீவு

பூஜைக்கு முந்தின நாள் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வருவாக. அந்த ஆளு உள்ள நிக்க வேண்டாம். பூஜை முடிஞ்சு வரட்டும்."

மாமியார் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம். பல வருஷம் அப்படித்தான் ஒதுங்கியிருந்தேன். ஆனால் அந்த வீட்டில் அவர் சொன்ன எத்தனையோ விஷயத்துக்கு நான் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். காப்பிக்குச் சர்க்கரை போதாது என்றதற்கே ஒரு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டின் தோல் உள்ளே வரலாம், அதைத் தைக்கிறவர் வரக்கூடாது என்பதில் இருந்த கூத்து அப்போது எனக்கு உறைக்கவும் இல்லை.

"காளிராஜ், நாளைக்கு லீவு எடுத்துக்கிடுங்க. நாளான்னைக்குக் காலையில வாங்க" என்றேன். உபகாரம் செய்கிற குரலில் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரிங்கம்மா" என்றார். அவ்வளவு சீக்கிரம் சொன்னார். அவர் இதை எத்தனை இடத்தில் கேட்டிருப்பார் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

போகும்போது ஊசியிலிருந்து நூலை உருவி வைத்தார். தோலை அழுத்திப் பிடிக்கிற காலைத் தூக்கி வைத்தார். மிஷின் சும்மா நிற்கும்போது அப்படித்தான் வைக்க வேண்டுமாம். அந்தக் கால் தூக்கியிருக்கும்போது, நான் நெற்றி என்று நினைத்த அந்த இரண்டு தட்டுகளும் லேசாக விரிந்திருக்கும். மேல்நூல் அவற்றின் நடுவே இறுக்கமாகப் போனால்தான் தையல் ஒழுங்காக விழும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

பூஜை போட்ட மிஷினை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அப்பிய சந்தனம் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அந்தத் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து காய்ந்தது. மறுநாள் விடிந்ததும், முதல் பை தைப்பதைப் பார்க்கப் பஸ் முதலாளி வருகிறாரே என்று ஈரத்துணியால் மிஷினைப் பளிச்சென்று துடைத்தேன். வெளியில் ஒரு துளி மஞ்சள் இல்லை. உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. காளிராஜ் வந்தபோது அவர் விட்டுப்போன மாதிரியேதான் மிஷின் நின்றது.

தாடி

பஸ் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர், மாமியார், நாத்தனார், பைண்டிங் ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். காளிராஜ் பையைக் குழாயில் மாட்டி, பெடலை மிதித்தார். மிஷின் தடதடவென்று சுற்றியது. மேலே தையல் வரிசையாக விழுந்த மாதிரிதான் தெரிந்தது. அவர் பையைத் திருப்பினார்.

அடிப்பக்கம் முழுக்க நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

அவர் முகம் மாறிவிட்டது. மேலே திருகை இறுக்கினார். மறுபடியும் தைத்தார். அதே கொத்து. அடிநூல் சுற்றிய பாபினை மாற்றினார். அதே கொத்து. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி குத்தின இடம் ஓட்டைதான். மூன்று துண்டு நல்ல தோல் வீணாகிவிட்டது.

பஸ் முதலாளி ஒரு துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, உங்க பைக்குத் தாடி மொளைச்சிருக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் நாத்தனார் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. அதை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டும். பஸ் முதலாளி மேல் இறக்க முடியுமா? நாத்தனார் மேல் இறக்க முடியுமா? குனிந்து உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான்.

"டைமிங்கத்தான் இன்னொரு வாட்டி பாக்கணும்மா. எங்கயோ பிசகிப்போச்சு. ஒரு நாள் மட்டும் குடுங்க" என்றார் காளிராஜ்.

"ஒரு நாளும் வேண்டாம். எந்திரி."

அதுவரைக்கும் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசியிருந்தேன். அன்றைக்கு எல்லார் முன்னாலும் 'எந்திரி' வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"செருப்பு தைக்கிற கைக்கு மிஷின் எதுக்குன்னு எல்லாரும் அப்பவே சொன்னாக. நான்தான் கேக்கல."

யாரும் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த வாக்கியம் என்னுடையது. எங்கே வைத்திருந்தேன், எவ்வளவு நாளாக வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. வேண்டிய நேரத்துக்குச் சரியாக வாயில் வந்தது.

காளிராஜ் எழுந்தார். ஸ்குரு டிரைவர்களைப் பெட்டியில் அடுக்கினார். எண்ணெய் டப்பாவை மூடினார். வீணான தோல் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். தோலை அழுத்துகிற காலைத் தூக்கிவிட்டார். "என் தப்புதாம்மா. மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பிழைக்க வழி இருந்திருக்கும்.

மதுரைக்காரர்

நாலாம் நாள் மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். வெற்றிலை போடுகிற ஆள். வந்தவர் முதலில் குழாய் நுனியைத் திறந்து கொக்கியைப் பார்த்தார். சக்கரத்தை இரண்டு தடவை சுற்றினார். "டைமிங் அச்சு மாதிரி இருக்கே. யாருங்க வச்சது?" என்றார்.

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே வந்தார். "அடியில நூல் கொத்துனா கோளாறு மேல இருக்கும். நெறையப் பேரு அடியிலயே தேடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அந்த வட்டத் தட்டுகளைக் கழற்றினார். நடுவிலிருந்து கெட்டியான மஞ்சள் பொருக்கு ஒன்று உதிர்ந்தது. நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்தார். கட்டியாகக் காய்ந்து தட்டுகளை ஒட்டவிடாமல் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு திருகினாலும் நூல் தொளதொளவென்றுதான் போயிருக்கும்.

"சந்தனம்! எந்தப் புண்ணியவான் இங்க கொண்டாந்து அப்புனது?" என்று சிரித்தார்.

"முன்னாடி வேலைக்கு இருந்த ஆளு" என்றேன்.

"டைமிங்?"

"அது மிஷின் வரும்போதே அப்படித்தான் வந்துச்சு."

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் தப்பைத் தூக்கிக் காளிராஜுக்குக் கொடுத்தேன். அவர் வேலையைப் பிடுங்கி முகம் தெரியாத யாருக்கோ கொடுத்தேன். அந்த மெக்கானிக்குக்குக் காளிராஜ் யாரென்றே தெரியாது. நிஜத்தைச் சொல்லியிருந்தால் எனக்கு நஷ்டம் என்று எதுவும் இல்லை. இருந்தும் பொய் சொன்னேன்.

தட்டுகளைத் துடைத்து மாட்டினார். தையல் முத்து முத்தாக விழுந்தது. அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர், "அந்த ஆளையே கூப்பிட்டுக்கிடலாமே, பாவம்" என்றார். கூப்பிட்டால், என்ன கோளாறு இருந்தது என்று காளிராஜ் கேட்பார். சொல்ல வேண்டும். "வேற ஆளு பாத்தாச்சு" என்று பேச்சை முடித்தேன். பைகள் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆர்டர் வந்தது. ஒரு மேடையில் எனக்குச் சால்வை போட்டார்கள். "மிஷினைக்கூட நானே நிறுத்தினேன்" என்று முதன்முதலாக அங்கேதான் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வாய்க்குப் பழகிவிட்டது.

இருக்கன்குடியில்

நாலைந்து வருஷம் கழித்து ஒரு ஆடி வெள்ளி. இருக்கன்குடி கோயிலில் கூட்டம் நெரிந்தது. வெயில் தாங்காமல் ஒரு பந்தல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாவிளக்குத் தட்டோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யம்மா, நீங்க தோல்பை கம்பெனி அம்மாதானே? நான் காளிராஜ் வீட்டுக்காரி. முத்துமாரி" என்றார்.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. "நல்லா இருக்கீகளா? அவர் என்ன செய்றார்?" என்று கேட்டுவைத்தேன்.

"மூட்டை தூக்குதாகம்மா. லாரி செட்டுல."

"தையல்?"

"அதை ஏன் கேக்கீக. மிஷின் பக்கமே போறதில்ல. ஆம்பூர்க்காரங்க திரும்பக் கூப்பிட்டாங்க, போகல. 'எனக்கு டைமிங் வைக்கத் தெரியல முத்துமாரி. அந்தம்மா என்னை நம்பி அம்புட்டுப் பெரிய மிஷினை ஒப்படைச்சாக. நாலு பேரு முன்னால அவுகளைத் தலைகுனிய வச்சுட்டேன்'னு இன்னைக்கும் சொல்லுவாக. உங்களை ஒரு வார்த்தை கொறைச்சுப் பேசமாட்டாகம்மா."

முத்துமாரியின் கைகளைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. மருந்து செலுத்துகிற கை அது. அவர் இன்னும் விஸ்வநத்தத்துக்குத்தான் போகிறார் என்று கேட்காமலே தெரிந்தது.

சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான் இருந்தது. டைமிங் சரியாகத்தான் இருந்தது, கெடுத்தது நான். மேளச் சத்தம்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யம்மா, தப்பா நெனைக்காதீக. உங்க கம்பெனியில அவுகளுக்கு ஏதாவது ஒரு வேலை. மிஷினு வேண்டாம். கூட்டிப் பெருக்குற வேலையா இருந்தாலும் போதும். அவுகளுக்கு இடுப்பு தாங்கல."

"பாக்கலாம்" என்றேன்.

அதற்கே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாவிளக்கிலிருந்து ஒரு உருண்டை எடுத்து என் கையில் வைத்து, "நல்லா இருப்பீகம்மா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போனார்.

நான் பார்க்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. கம்பெனியையும் மூடிவிட்டேன். சாத்தூர் இங்கிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். இதை எழுதி அனுப்புவதற்கு முன்னால் போய்க் காளிராஜிடமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நேற்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். சாத்தூர் பஸ் வந்து நின்றது. ஆள் ஏற்றியது, கிளம்பியது. நான் வீட்டுக்குத் திரும்பி வந்து, முகம் தெரியாத உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.